மலையில் லேஅவுட் வீடு: வாங்கும் முன்பும் குடிவந்த பின்பும்

மனை பார்க்க ஏப்ரல், மே மாதத்தில் மலையேறி வராதீர்கள். அந்த இரண்டு மாதமும் கோத்தகிரி எல்லாருக்கும் பிடிக்கும். மேட்டுப்பாளையம் வெயிலிலிருந்து தப்பித்து வந்து, சில்வர் ஓக் நிழலில் நின்று ஒரு டீ குடித்தால் எந்த மனையும் நல்ல மனையாகத்தான் தெரியும். நவம்பரில் வாருங்கள். நீலகிரியில் அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்கு வடகிழக்குதான் பெரிய மழை. இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து ஓய்ந்ததும், மலைப்பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, குடையோடு வந்து அந்த மனையில் கால்மணி நேரம் நில்லுங்கள். புரோக்கர் கூட வரமாட்டார். அதுவும் நல்லதுதான்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது கோத்தகிரிக்குப் பக்கத்தில், ஹட்டி என்று நாங்கள் சொல்கிற படகர் ஊர் ஒன்றில். இப்போது இருப்பது, பழைய தேயிலைத் தோட்டத்தை மனைகளாகப் பிரித்துப் போட்ட லேஅவுட்டில். அதன் அசோசியேஷனுக்குச் செயலாளர் வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. முப்பதுக்கும் மேல் மனைகள். வருஷம் முழுக்க விளக்கு எரிகிற வீடு ஏழோ எட்டோ. மிச்சம் கோயமுத்தூர், சென்னை, பெங்களூர்க்காரர்களின் லீவு வீடுகள். இல்லையென்றால் கம்பிவேலிக்குள் உண்ணிச்செடி மண்டிய காலி மனை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வரும் தலைவலிகளில் முக்கால்வாசி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

திட்டம் போட்டுக் கட்டிய குடியிருப்பு இந்த மலைக்குப் புதிதில்லை. வெலிங்டன் ராணுவக் குடியிருப்பு இருக்கிறது, அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் இருக்கிறது. ஊட்டியில் 1960-இல் தொடங்கிய பிலிம் தொழிற்சாலைக்காக இந்து நகர் எழுந்தது. அங்கெல்லாம் ஒரு முதலாளி உண்டு: தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் போய்ச் சத்தம் போடுவது என்று எல்லாருக்கும் தெரியும். முதலாளி மூடிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதையும் இந்து நகரே காட்டிவிட்டது. எங்கள் ஹட்டிகளும் ஒரு வகையில் திட்டம்தான். சரிவின் நடுவில் ஒட்டி ஒட்டி வரிசையாய் வீடுகள், முன்னால் எல்லாருக்கும் பொதுவான ஒரே வாசல். அங்கே முதலாளி கிடையாது, ஆனால் எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். லேஅவுட்டில் இரண்டும் இல்லை. கடைசி மனை விற்றதும் புரொமோட்டர் போய்விடுவார்; வாங்கியவர்களும் ஊரில் இருக்கமாட்டார்கள். அப்புறம் யார் பார்ப்பது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

காகிதம்

பட்டா, வில்லங்கம், தாய்ப்பத்திரம் எல்லாம் கீழ்நாட்டில் பார்க்கிற மாதிரியே பாருங்கள். அதற்கு மேல் மலைக்கென்று சில உண்டு. டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருந்தால் அதன் அனுமதியும் வேண்டும். எல்லாரும் 'ஹாகா' என்றுதான் சொல்வார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ போடுகிற திட்டம் என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். எண்ணை வாங்கி நீங்களே இணையத்தில் போட்டுப் பாருங்கள். கட்டடம் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. மூன்று மாடி, மேலே ஒரு வியூ பாயின்ட் என்று யாராவது படம் வரைந்து காட்டினால் அந்தப் படத்தைச் சுருட்டி அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

மனையில் நிற்கிற மரமும் உங்கள் இஷ்டத்துக்கு இல்லை. 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வீட்டின் மேல் சாய்ந்து நிற்கிற சீகை (வாட்டில்) மரமாக இருந்தாலும் மனு கொடுத்து, ஆள் வந்து பார்த்து, பிறகுதான் கோடாலி. அதனால் வீடு கட்டும் முன்பே சுற்றியிருக்கும் சீகையையும் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) அண்ணாந்து பார்த்து, எது எந்தப் பக்கம் விழும் என்று யோசித்து வையுங்கள். ஜேசிபி கொண்டுவந்து மண் வெட்டவும் அனுமதி வேண்டும். போர்வெல் போடவும் வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அனுமதி பெற்ற லேஅவுட்டில் சாலைகளையும் பொது இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். வாசலில் பெரிய கேட் போட்டு, வாட்ச்மேனுக்கு நீலச்சட்டை மாட்டிவிட்டதாலேயே ரோடு நம்முடையது ஆகிவிடாது. எங்கள் லேஅவுட்டின் நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. தோட்டம் இருந்த காலத்திலிருந்து கீழே லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருப்பவர்கள் பஸ் பிடிக்க அந்த வழியாகத்தான் மேலே வருகிறார்கள். அதை அடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் எழுந்து நிற்பார், பெரும்பாலும் வருஷத்தில் பத்து நாள் வந்து போகிறவர். நான் ஒவ்வொரு முறையும் முடியாது என்பேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மழையில் ஒரு மைல் சுற்றிப் போக வேண்டும் என்பது ஒரு காரணம். ராத்திரி இரண்டு மணிக்கு மரம் விழுந்தால் அரிவாளோடு முதலில் வருவது அந்தப் பாதையில் நடக்கிறவர்கள்தான் என்பது இன்னொன்று.

சுவரும் தண்ணீரும்

வீட்டைப் பார்க்கும் முன் தடுப்புச்சுவரைப் பாருங்கள். மலையில் சமதளம் என்று எதுவும் கிடையாது. வெட்டி எடுத்தது, கொட்டி நிரப்பியது இரண்டுதான். உங்கள் மனை எது என்று கேளுங்கள். வெட்டிய மண் கெட்டி. கொட்டிய மண்ணில் கட்டினால் இரண்டு மூன்று மழைக்குப் பிறகு சுவரில் கீறல் ஓடும்.

தடுப்புச்சுவரில் வரிசையாகக் குழாய் ஓட்டைகள் விட்டிருப்பார்கள், உள்ளே ஊறும் தண்ணீர் வெளியே வடிய. மழையில் வரச் சொன்னது முக்கியமாக இதற்காகத்தான். ஓட்டைகளில் தெளிந்த தண்ணீர் சொட்டினால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. செம்மண் கலங்கி வந்தால் பின்னால் மண் அரிக்கிறது என்று அர்த்தம். ஊரெல்லாம் தண்ணீர் ஓடும்போது ஓட்டைகள் மட்டும் காய்ந்து கிடந்தால் அதுதான் எனக்குப் பயம். அடைத்துக்கொண்டு, மொத்தத் தண்ணீரும் சுவருக்குப் பின்னால் நிற்கிறது. குடிவந்த பிறகும் மழைக்காலத்தில் காலையில் குடை பிடித்துக்கொண்டு ஒரு நடை நடந்து இந்த ஓட்டைகளைப் பாருங்கள். நானும் என் பக்கத்து வீட்டு மேஜர் ஐயாவும் ஆளுக்கொரு கம்பியோடு போவோம். அவர் குத்துவார், நான் டார்ச் அடிப்பேன். இலையும் வேரும் சில சமயம் தவளையும் வரும்.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டம் முழுக்க மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வாரத்தைப் பார்த்தவர்கள் யாரும் ஓடையை மூடிக் கட்டிய மனையை வாங்கமாட்டார்கள். வெயில் காலத்தில் ஓடை ஒரு புல்வரிசைபோலத்தான் கிடக்கும். அக்கம்பக்கத்து ஹட்டியில் வயதானவர் யாரையாவது கேளுங்கள், 'இங்கே தண்ணி எந்தப் பக்கமா இறங்கும்?' என்று. கையை நீட்டிக் காட்டிவிடுவார். அவர் காட்டுகிற கோட்டில் உங்கள் மனை இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மழைக்காலத்தில் கதவு திடீரென்று இறுக்கிப் பிடிப்பது, தரையில் புதுக் கீறல், மின்கம்பம் சாய்வது, இதுவரை இல்லாத இடத்தில் தண்ணீர் ஊறுவது, இதில் எதைப் பார்த்தாலும் அன்றே மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லிவிட்டு வெளியேறுங்கள். சாமான் எங்கும் போகாது.

இத்தனை மழை பெய்யும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்பார்கள். உண்டு. பெய்வதெல்லாம் சரிவில் ஓடி பவானிக்குப் போய்விடும். பிப்ரவரி தொடங்கி கோடை மழை விழும்வரை கையைப் பிசைகிற காலம். லேஅவுட்டுக்கு ஊற்று உண்டா, கிணறா, ஊராட்சித் தண்ணீரா, அது மார்ச்சில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று அங்கே குடியிருக்கிறவர்களைக் கேளுங்கள். லாரித் தண்ணீர்தான் என்றால், தண்ணீரோடு லாரி அந்த ஏற்றத்தில் ஏறுமா என்று பாருங்கள். எங்கள் மேல்வரிசை வீடுகளுக்கு ஏறாது. கீழே சம்ப்பில் இறக்கி மோட்டார் போட்டு ஏற்ற வேண்டும். கூரை மழைநீரைச் சேமிக்கிற தொட்டியை முடிந்த அளவு பெரிதாகக் கட்டுங்கள். மாடுலர் கிச்சனுக்குச் செலவழிக்கிறதில் பாதி போதும்.

உள்ளே குடித்தனம்

காலை வெயில் விழுகிற வீடாகப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். வடக்குச் சரிவில், மலைக்கு முதுகு கொடுத்துக் கட்டிய வீட்டில் அப்போது பத்து மணிக்கும் விளக்குப் போட வேண்டியிருக்கும், சுவரில் பாசி. பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிகிறது என்பதற்காகப் பகல் வெளிச்சத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பள்ளத்தாக்கு பாதி நாள் மஞ்சுக்குள், அதாவது பனிமூட்டத்துக்குள் இருக்கும்.

பூசணம் பிடிக்கும். எதற்கும் பிடிக்கும்: தோல் செருப்பு, ஹேண்ட்பேக், பட்டுப்புடவை, கல்யாண ஆல்பம். பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு கை போகிற அளவு இடம் விடுங்கள். பழைய குண்டு பல்பு, பதினைந்து வாட், கிடைத்தால் வாங்கி பீரோவுக்குள் எரியவிடுங்கள். எல்இடி பல்பில் சூடு வராது, பிரயோஜனம் இல்லை. துணி காயாது. நல்ல ஸ்பின் உள்ள வாஷிங் மெஷினும், அடுப்புக்கு மேல் ஒரு கொடியும் இல்லாமல் நவம்பரைத் தாண்ட முடியாது.

1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகும் என்று காத்திருந்தால் மதியச் சாப்பாடு சாயந்திரம்தான். எல்லாவற்றுக்கும் குக்கர், இரண்டு விசில் கூடுதலாக. தோசை மாவு புளிக்க ஒன்றரை நாள் ஆகும், கம்பளியில் சுற்றி வைத்தாலும். தயிருக்கு ஹாட்பேக்தான் ஒரே வழி. குளிரில் சிலிண்டரில் பிரஷர் குறையும், மழையில் சிலிண்டர் வண்டியும் வராது; இரண்டு சிலிண்டர் கட்டாயம். இன்வெர்ட்டரும் அப்படியே. சோலார் போடலாம், ஆனால் மஞ்சு மூடிய வாரத்தில் அதை நம்பி ஹீட்டர் போடாதீர்கள்.

கார் விஷயம் சுருக்கமாக: எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். வெளியூர் நம்பர் வண்டியில் உறவுக்காரர்கள் வந்தால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற வரம்பும் உண்டு. கல்யாணத்துக்கு அழைக்கும்போது பத்திரிகையோடு இதையும் சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவர வேண்டாம், மாவட்டத்தில் தடை, செக்போஸ்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதையும்.

மாடு, சிறுத்தை, கரடி

காட்டெருமை தினமும் வரும். விடியற்காலையில் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும். ஹார்ன் அடிக்காதீர்கள், போட்டோ எடுக்கப் பக்கத்தில் போகாதீர்கள். அது நகரும்வரை நில்லுங்கள். பஸ் போனால் அடுத்த பஸ். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வாக்கிங் போகிற பழக்கத்தைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள். தேயிலைச் செடிக்கு நடுவே படுத்திருக்கும் காட்டெருமை, நீங்கள் மிதிக்கிற தூரத்துக்கு வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. சிறுத்தை உங்களைத் தேடி வராது, நாயைத் தேடி வரும். ராத்திரி நாயை வீட்டுக்குள் கட்டுங்கள்.

கரடிக்கு மூக்குதான் எல்லாம். கொய்யா, பேரிக்காய், பலா பழுக்கும்போது மரத்தடிக்கு வரும். மற்ற நாளில் எண்ணெய் வாசத்துக்கு வரும்; விளக்கெண்ணெய்க்காகக் கோயில் கதவை உடைத்த கரடிகள் எங்கள் பக்கம் நிறைய. எங்கள் லேஅவுட்டில் ஒரு லீவு வீட்டில் சமையலறைக் கதவைப் பெயர்த்து நுழைந்தது ஒன்று. "டீச்சர், உள்ள இருக்குது, வெளிய வராதீங்க!" என்று வாட்ச்மேன் அண்ணன் தகர டின்னைத் தட்டிக்கொண்டே கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் வெளிச்சத்தில் போய்ப் பார்த்தோம். ஐந்து லிட்டர் நல்லெண்ணெய் டின் பிளந்து கிடந்தது. வெள்ளை டைல்ஸ் தரையில் எண்ணெய்க் காலடிகள், ஐந்தைந்து விரலாக, சமையலறையிலிருந்து ஹாலுக்குப் போய், சோபாவை ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே திரும்பியிருந்தன. சோபாவில் ஒரு கீறல்கூட இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் சென்னையிலிருந்து மின்வேலி போடலாமா என்று கேட்டார். எண்ணெயை எடுத்துப் போங்கள் என்றேன்.

காலி வீடுதான் காட்டு விலங்குக்கு வசதி. புதர் மண்டிய காலி மனையில் பகலில் படுத்துக்கொள்ளும். இருட்டியதும் குப்பைத்தொட்டிக்கு வரும். குடியிருக்கிற ஏழெட்டு வீடும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நடுவில் ஒரு மனை காடாகக் கிடந்தால் முடிந்தது. அதனால் வருஷம் இரண்டு முறை புதர் வெட்டும் செலவை மனைக்காரரிடமே வசூலிக்கும் விதியைக் கொண்டுவந்தோம். சண்டை வந்தது. விதி நின்றது.

அசோசியேஷன்

வாங்கும் முன்பே அசோசியேஷன் 1975-ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா, கடைசி வருஷத்து வரவுசெலவு எங்கே என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

மெயின்டனன்ஸ் தகராறு எல்லா லேஅவுட்டிலும் ஒரே வசனம்தான்: 'நாங்கள் வருவதே இல்லையே, எதற்குக் கொடுக்க வேண்டும்?' தடுப்புச்சுவருக்கு நீங்கள் வந்தீர்களா இல்லையா என்று தெரியாது, மழைக்கும் தெரியாது. சுவர், வடிகால், தெருவிளக்கு, வாட்ச்மேன் சம்பளம் ஆகியவை மனைக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் சமம். தண்ணீர் மட்டும் மீட்டர்படி. இப்படிப் பிரித்தால் சண்டை பாதியாகக் குறைகிறது. சுவருக்கென்று தனி நிதி ஒன்று சேர்த்து வையுங்கள், தீபாவளி போனஸ் உட்பட வேறு எதற்கும் அதைத் தொடாதீர்கள். பொதுக்குழுவை மே மாத லீவில் வையுங்கள், அப்போதுதான் ஆள் வரும்.

வீட்டை ஹோம்ஸ்டேவாக விடுகிறவர்கள்தான் இப்போது பெரிய பாடு. அனுமதி வாங்காத காட்டேஜ்களுக்கு மாவட்ட நிர்வாகம் சீல் வைத்திருக்கிறது. அதை முதல் கூட்டத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். அனுமதியோடு நடத்தினாலும் ராத்திரி பாட்டு, கேம்ப்ஃபயர், மிச்சமான பிரியாணியை வேலிக்கு அப்பால் கொட்டுவது, இந்த மூன்றுக்கும் விதி எழுதி வையுங்கள். மூன்றாவதற்கு அபராதம் அதிகமாக.

வேலைக்கு வருகிற அக்காக்கள் லைன் வீட்டிலிருந்தோ பக்கத்து ஊரிலிருந்தோ வருவார்கள். மஞ்சு இறங்கினால் நாலு மணிக்கே அனுப்பிவிடுங்கள். அவர்கள் போகிற வழியில்தான் காட்டெருமை நிற்கும். பக்கத்து ஹட்டியில் சாவு என்று கேள்விப்பட்டால் போய் நின்றுவிட்டு வாருங்கள். அழைப்பை எதிர்பார்க்க வேண்டாம். எங்கள் படகர் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள்.

பூட்டிவிட்டுப் போகும்போது

ஒரு வாரத்துக்கு மேல் போகிறீர்கள் என்றால்: எண்ணெய், நெய், வெல்லம், பழம் எதுவும் வீட்டில் வேண்டாம். விளக்கில் மிச்சமிருக்கிற எண்ணெயையும் துடையுங்கள். பிரிட்ஜைக் காலி செய்து கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் உள்ளே பூசணம் பயிராகும். கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றுங்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள், மொட்டை மாடி வடிகாலில் இலை இருந்தால் அள்ளுங்கள். பீரோ கதவுகளைத் திறந்தே விடுங்கள். ஒரு சாவியை வருஷம் முழுக்க இருக்கிற ஒருவரிடம் கொடுங்கள், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து பார்க்க. திரும்பி வரும் தேதியையும் அவரிடம் சொல்லிவிட்டுப் போனால், முந்தின நாள் சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து வைப்பார்.